புதன்கிழமை சாயங்காலம், மேளம் இல்லாத ஒரு மணி நேரம்



பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வச்சிக்கிட்டு படிங்க. நம்ம கோவில்ல மூனு மாசமா புதன்கிழமை 5 மணியில இருந்து 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி போடறதில்ல, பெரிய மணி அடிக்கறதில்ல, உறுமி மேளம் பழகற பசங்கள 6 மணிக்கு மேல வரச் சொல்லிட்டோம். ஏன்னு நிறைய பேர் வாட்சாப் குழுவுல கேட்டீங்க. ஒருத்தர் "இது கோவிலா, ஆஸ்பத்திரியா?"ன்னு கேட்டிருந்தார். கேட்டதுல தப்பில்ல. நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியிருக்கு, ஆனா நாலு வரி நோட்டீஸ்ல எல்லாத்தையும் சொல்ல முடியாது. இத நிர்வாகத்துக்கிட்ட கேட்டு வாங்கினவன் நான். அதனால நானே எழுதறேன்.

என்னை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். திருவிழாவுல மஞ்சள் டீ-சட்டை போட்டுக்கிட்டு வரிசை பாக்கறவன். 1989ல எஸ்.பி.எம். முடிச்சேன், அதோட படிப்பு சரி. தொழிற்சாலையில மெஷின் ஆப்பரேட்டரா சேர்ந்து இப்போ பிளாஸ்டிக் வார்ப்பு லைன்ல சூப்பர்வைசர். பெரிய படிப்பு படிச்சவன் எழுதற மாதிரி இருக்காது, பொறுத்துக்குங்க.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவ மகள், வேலைக்குப் போறா. சின்னவன் 2010ல பொறந்தான். மூனு வயசாகியும் பேசல. "ஆம்பள பிள்ள லேட்டாதான் பேசும்"னு எல்லாரும் சொன்னாங்க, நாங்களும் நம்பினோம். மைலோ டின் மூடிய தரையில சுத்தவிட்டு அது நிக்கற வரைக்கும் பாப்பான். நின்னதும் மறுபடியும் சுத்துவான். ஒரு நாளைக்கு நூறு தடவை. மிக்சி சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிட்டு வலது கையைக் கடிப்பான். இன்னிக்கும் அந்தக் கையில தழும்பு இருக்கு. டாக்டர்கிட்ட போயி, ஊர் ஊரா சோதனை செஞ்சி, 2014ல சமூக நல இலாகாவோட ஓ.கே.யு. கார்டு எடுத்தோம். கார்டுல "மசாலா பெம்பெலாஜாரான்"னு போட்டிருக்கும். கற்றல் குறைபாடு. அந்த ஒரு வார்த்தைக்குள்ள ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவுத்திறன் குறைபாடு எல்லாத்தையும் அடக்கிடுவாங்க. என் மகனுக்கு அறிவுத்திறன் குறைபாடு. கூடவே புலன்கள்லயும் பிரச்சினை.

அந்தப் புலன் விஷயத்தைத்தான் இன்னிக்கு எழுத வந்தேன்.

நமக்கு ஐம்புலன்தான் தெரியும். கண், காது, மூக்கு, நாக்கு, தோல். ஆஸ்பத்திரியில இருக்கற ஜுருபுலி (ஓக்குபேஷனல் தெரபி செய்யறவங்க) ஒரு சின்ன வயசு மலாய்க்காரப் பொண்ணு. அது எனக்கு எடுத்துச் சொன்னது: இன்னும் ரெண்டு உண்டு, அங்கிள். உடம்பு சாயுதா, சுத்துதான்னு சொல்ற புலன் ஒன்னு, காதுக்கு உள்ளே இருக்கு. கை கால் எங்க இருக்கு, எவ்வளவு அழுத்தம் விழுதுன்னு தசையும் மூட்டும் சொல்ற புலன் இன்னொன்னு. அமெரிக்காவுல ஜீன் ஏர்ஸ்னு ஒரு அம்மா, அவங்களும் ஓக்குபேஷனல் தெரபிஸ்ட்தான், 1972லயே இதைப் பத்தி புத்தகம் எழுதியிருக்காங்க. இத்தனை வழியா வர்ற செய்தியையும் மூளை பிரிச்சி, வேணுங்கறத வச்சிக்கிட்டு வேணாங்கறத தள்ளணும். சில பிள்ளைங்களுக்கு அந்தப் பிரிக்கற வேலை சரியா நடக்காதாம்.

எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். எங்க லைன்ல பெல்ட்டுல சாமான் வருது, கடைசியில கியூ.சி. ஆளு நின்னு நல்லது கெட்டது பிரிக்கறார். ஒரு நாள் அந்த ஆளு இல்லன்னு வச்சிக்குங்க. பெல்ட்டும் நிக்காது. எல்லாம் வந்து குவியும், கீழ கொட்டும். அப்போ என்ன செய்வோம்? அவசர பட்டனை அமுக்குவோம். என் மகன் கையைக் கடிக்கறதும் தரையில விழுந்து கத்தறதும் அந்த அவசர பட்டன்தான். இது புரிய எனக்கு எட்டு வருஷம் ஆச்சு.

சில பிள்ளைங்களுக்கு நேர் எதிர். எது நடந்தாலும் உள்ள போயி சேராது. சுவத்துல தலைய முட்டுவாங்க, கிறுகிறுன்னு சுத்துவாங்க, சூடு தெரியாது. ஒரே பிள்ளைக்கு காது அதிகமா கேட்டு, தோல் கம்மியா உணர்றதும் உண்டு. என் மகன் அந்த ரகம். சத்தம் ஆகாது. ஆனா கனமான சாமானைத் தூக்கினா, இறுக்கிக் கட்டிப் பிடிச்சா அடங்கிடுவான். அன்னதானத்துக்கு வர்ற 10 கிலோ அரிசி மூட்டையை அவன் சிரிச்சிக்கிட்டே சுமந்து வர்றத பாத்திருப்பீங்க. "பாவம், பிள்ளைய வேலை வாங்கறானே"ன்னு ஒரு அக்கா என்னைத் திட்டினாங்க. அக்கா, அது வேலை இல்ல, அவனுக்கு அது மருந்து மாதிரி.

இப்போ 2018க்கு வர்றேன். பங்குனி உத்திரம். இதை எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்.

அன்னிக்கு உங்களுக்கே தெரியும், கூட்டம் எப்படின்னு. மண்டபத்துல உறுமி மேளம் ரெண்டு குழு, ஒலிபெருக்கியில பாட்டு, கற்பூரப் புகை, அபிஷேகத் தண்ணி தரை முழுக்க, நெருக்கியடிச்சி ஆளுங்க. எட்டு வயசுப் பையன் அம்மா கையைப் பிடிச்சி நிக்கறான். தீபாராதனை காட்டின நேரம் பெரிய மணியும் சேர்ந்து அடிச்சது. அவன் கத்தின கத்துல மேளக்காரங்களே ஒரு நொடி திரும்பிப் பாத்தாங்க. தரையில விழுந்து உருண்டு, ஒரு பாட்டியோட அர்ச்சனைத் தட்டு பறந்து போச்சு. தேங்காய் உருண்டு வரிசைக்குள்ள வந்துச்சு. ஒருத்தர் "காத்து கருப்பு இருக்கும், தீர்த்தம் தெளிங்க"ன்னார். இன்னொரு அம்மா, "வளர்ப்பு அப்படி"ன்னாங்க. யாரோ ஒருத்தர் "போன ஜென்மத்துப் பாவம்"னு என் வீட்டுக்காரம்மா காதுல விழற மாதிரியே சொன்னாங்க.

நான் அஞ்சாறு அடி தூரத்துல, மஞ்சள் சட்டையில, கயிறைப் பிடிச்சிக்கிட்டு வரிசையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். வரிசையில நின்ன ஒருத்தர் என்கிட்ட "அந்தப் பிள்ளைய வெளியே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க அண்ணே"ன்னார். நானும் சொன்னேன். என் பொண்டாட்டியைப் பாத்து, யாரோ ஒரு பக்தர்கிட்ட சொல்ற மாதிரி, "வெளியே கூட்டிட்டுப் போங்க, மத்தவங்களுக்கு இடைஞ்சலா இருக்கு"ன்னு சொன்னேன். அது என் மகன்னு கேட்டவருக்குத் தெரியாது. நான் சொல்லிக்கல.

அவ அவனை இழுத்துக்கிட்டு வெளியே போயி, சாலை ஓரத்துல காடிக்குள்ள உக்காந்துட்டா. எனக்கு ராத்திரி 11 மணிக்குத்தான் வேலை முடிஞ்சது. வீட்டுக்குப் போற வழியில அவ ஒரு வார்த்தை பேசல. அடுத்த அஞ்சு வருஷம் நம்ம கோவில் வாசல்ல கால் வைக்கல. "உங்க வீட்டுக்காரம்மா ஏன் வர்றதில்ல?"ன்னு கேட்டவங்ககிட்ட எல்லாம் கால் வலின்னு சொன்னேன். காரணம் இதுதான்.

அந்த வருஷக் கடைசியில, பள்ளி விடுமுறையில, வேண்டுதலை முடிக்க இந்தியா போனோம். பழனி, திருச்செந்தூர், அப்புறம் குற்றாலம் பக்கம். இங்க வராதவ அங்க வந்தா. "அங்க நம்மளை யாருக்கும் தெரியாது"ன்னு சொன்னா. தென்காசிக்குப் பக்கத்துல ஆய்க்குடியில பாலசுப்பிரமணிய சுவாமி கோவில் இருக்கு. தரிசனம் முடிச்சி வெளியே வந்தா, எங்க மகனைப் பாத்த ஆட்டோக்காரர், "பக்கத்துல அமர் சேவா சங்கம் இருக்கு, பாத்துட்டுப் போங்க"ன்னு சொல்லி, காசு கூட பேசாம கூட்டிட்டுப் போனார்.

அந்த இடத்தைப் பத்தி ஒரு பத்தி எழுதியே ஆகணும். எஸ். ராமகிருஷ்ணன்னு ஒருத்தர். பொறியியல் படிச்சிக்கிட்டு இருந்த பிள்ளை, கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்துல விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயல் போயிடுச்சு. அவர் படுக்கையிலயும் சக்கர நாற்காலியிலயும் இருந்துக்கிட்டே 1981ல ஆய்க்குடியில இந்தச் சங்கத்தை ஆரம்பிச்சார். ஐக்கிய நாட்டு சபை உடல் குறை உள்ளவங்களுக்கான உலக ஆண்டுன்னு அறிவிச்ச அதே வருஷம். தனக்கு வைத்தியம் பாத்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் நினைவாத்தான் 'அமர்'னு பேர் வச்சார். ஓலைக் கொட்டகையில சில பிள்ளைங்களோட ஆரம்பிச்சது இன்னிக்குப் பள்ளி, பயிற்சி, வைத்தியம்னு ஒரு ஊர் மாதிரி இருக்கு. 2020ல இந்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்துச்சு. நான் அங்க முக்கியமா கவனிச்சது வேற. அவங்க கிராமத்துப் பொண்ணுங்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடா அனுப்பறாங்க. அவங்க போயி பிள்ளைக்கு மட்டும் பயிற்சி கொடுக்கறதில்ல, அம்மா அப்பாவுக்கும் சொல்லிக் கொடுக்கறாங்க. வீட்டுல இருக்கற சாமானை வச்சியே. என் வீட்டுக்காரம்மா அங்க ஒரு தாய்கிட்ட ஒரு மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தா. என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் பயணத்துல அவ சிரிச்சதை நான் அங்கதான் பாத்தேன்.

நம்ம நாட்டுலயும் இது இருக்கு, நமக்குத்தான் தெரியறதில்ல. பி.டி.கே.ன்னு சொல்வாங்களே, பெமுலிஹான் டாலாம் கொமுனிட்டி, 1984ல திரெங்கானுவுல பத்து ராக்கிட்ல முதல்ல ஆரம்பிச்சாங்க. இப்போ நாடு முழுக்க 500க்கும் மேல இருக்கு. சமூக நல இலாகா நடத்தறது. நம்ம ஆளுங்க "அது மலாய்க்காரங்களுக்கு"ன்னு நெனச்சி ஒதுங்கிடறோம். அப்படி இல்லீங்க, எல்லாருக்கும்தான். பள்ளிக்கூடத்துல சிறப்புக் கல்வி வகுப்புல சேர்த்தா மாசம் 150 வெள்ளி உதவித்தொகையும் உண்டு. கார்டு எடுக்காம பிள்ளைய வீட்டுக்குள்ளயே வச்சிருக்கறவங்க இதைப் படிச்சா, தயவு செஞ்சி முதல்ல கார்டு எடுங்க. கார்டு எடுத்தா பிள்ளைக்குக் கல்யாணம் ஆகாது, அக்காளுக்கு மாப்பிள்ளை கிடைக்காதுன்னு எல்லாம் பேசுவாங்க. எங்ககிட்டயும் பேசினாங்க. என் மகளுக்குப் போன வருஷம் நிச்சயம் ஆச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். 2019ல அந்த ஜுருபுலி பொண்ணு ஜொகூர் பாருவுல ஒரு மையத்துக்கு எழுதிக் கொடுத்துச்சு. அங்க 'மல்ட்டி சென்சரி' அறைன்னு ஒன்னு. பல்புலன் அறைன்னு வச்சிக்குங்க. ஐரோப்பாவுல இதை ஸ்னூசெலன்னு சொல்வாங்களாம். நெதர்லாந்துல 1970கள் கடைசியில யான் ஹுல்செக்கே, ஆட் வெர்ஹூல்னு ரெண்டு பேர், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவங்க தங்கற இல்லங்கள்ல வேலை செஞ்சவங்க, உருவாக்கினது. அந்த மொழியில மோந்து பாக்கறதுக்கு ஒரு வார்த்தை, கண் அசந்து தூங்கறதுக்கு ஒரு வார்த்தை, ரெண்டையும் சேர்த்து இந்தப் பேரை வச்சாங்க.

முதல் தடவை போனப்போ நான் தொழிற்சாலை புத்தியோடதான் போனேன். அறை அரை இருட்டு. ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், உள்ள தண்ணியில குமிழி மேல போயிக்கிட்டே இருக்கு, நிறம் மாறுது. தலைமுடி மாதிரி நூல் நூலா ஒளி ஒரு கட்டு, தொட்டா சுடாது. மெத்தைத் தரை. கீழ் குரல்ல பாட்டு. மெல்ல அதிர்ற ஒரு தலைகாணி. நான் அந்த ஆளுகிட்ட கேட்டேன், "இதுல டார்கெட் என்ன? எத்தனை மாசத்துல எது சரியாகும்?"னு. அவர் சிரிச்சிட்டு, இங்க டார்கெட் இல்ல, பாடம் இல்ல, 'இதைச் செய், அதைச் செய்'னு சொல்றதில்ல, பிள்ளை எதைத் தொடுதோ அது பின்னால நீங்க போங்கன்னார். அப்புறம் "நீங்களும் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க, ரெண்டு பேரும்"னார்.

இருபது வருஷமா பத்து மணி நேரம் நின்னு வேலை பாத்த ஆளு நான். அந்த மெத்தையில என் மகன் பக்கத்துல படுத்தேன். அவன் குமிழிக் குழாய்மேல கன்னத்தை வச்சிக்கிட்டு இருந்தான். பத்து நிமிஷம் கழிச்சி என் கையை எடுத்து அந்தக் குழாய்மேல வச்சான். குழாய் லேசா அதிருது. அதை எனக்குக் காட்டறான். பிறந்து ஒன்பது வருஷத்துல அவன் எனக்கு ஒரு பொருளைக் காட்டினது அதுதான் முதல் தடவை. திரும்பிப் பாத்தா என் வீட்டுக்காரம்மா மூலையில உக்காந்தபடியே தூங்கிட்டா. நல்லா குறட்டை. பல வருஷத் தூக்கம். அந்த மையத்து ஆளு அவளை எழுப்ப வேணாம்னு சைகை காட்டினார்.

இங்க ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இது நோயைத் தீர்க்கற மருந்து இல்ல. அறைக்குள்ள இருக்கறப்போ பிள்ளைங்க அமைதியாகறாங்க, சந்தோஷமா இருக்காங்கன்னு சொல்ற ஆய்வுங்க இருக்கு. வெளியே வந்த பிறகும் அது நீடிக்கும்னு உறுதியாச் சொல்ற அளவுக்கு ஆதாரம் பத்தாது. புலன் பயிற்சி சிகிச்சைகளுக்கு ஆதாரம் குறைவுன்னு அமெரிக்கக் குழந்தை டாக்டர்கள் சங்கமே 2012ல எழுதி வச்சிருக்கு, பெற்றோர்கிட்ட இதைச் சொல்லுங்கன்னு டாக்டர்களுக்குச் சொல்லியிருக்கு. அதனால 'ஆறு மாசத்துல பேச வச்சிடறோம்'னு சொல்லி ஆயிரக்கணக்குல வாங்கறவங்ககிட்ட உஷாரா இருங்க. எங்ககிட்டயும் ஒருத்தர் வாங்கினார். அந்தக் கதை வேணாம்.

2020 மார்ச் 18, எம்.சி.ஓ. எல்லாம் மூடிட்டாங்க, அந்த மையமும்தான். பள்ளி இல்ல, பி.டி.கே. இல்ல. மூனாவது வாரம் அவன் மறுபடியும் கையைக் கடிக்க ஆரம்பிச்சான். அப்போதான் அந்த மையத்து ஆளு முன்ன ஒரு தடவை சொன்னது ஞாபகம் வந்துச்சு. அந்த டச்சுக்காரங்க ஆரம்பிச்சப்போ இந்தக் குழாய், ஒளி நூல் எதுவும் கிடையாதாம். ஒரு கூடாரம். உள்ள ஒரு காத்தாடி, அது காகிதத் துண்டுங்களைப் பறக்க விடும். தண்ணியில மையைக் கலந்து அதுல விளக்கடிச்சி திரையில விழ வைப்பாங்க. வாசனைக்கு சோப்பு, சின்னச் சின்ன பாட்டில். தொட்டுப் பாக்கச் சில சாமான். அவ்வளவுதான்.

காகிதமும் காத்தாடியும் நம்ம வீட்டுல இல்லாமலா?

ஸ்டோர் ரூமைக் காலி பண்ணேன். என் வீட்டுக்காரம்மாவோட பழைய பட்டுச் சேலை ரெண்டை மேல இருந்து தொங்க விட்டா, கன்னத்துல உரசற மாதிரி. தீபாவளி விளக்குச் சரம் ஒன்னு. ஒன்னு கவனிங்க, அணைஞ்சி எரியற மாதிரி வைக்கக் கூடாது. இந்த மாதிரி பிள்ளைங்கள்ல சிலருக்கு வலிப்பும் இருக்கும், மின்னற விளக்கு சிலருக்கு வலிப்பை இழுத்து விட்டுடும். டாக்டரைக் கேக்காம எந்த விளக்கும் வைக்காதீங்க. அப்புறம் ஒரு பெரிய வாளியில பச்சரிசி, அதுக்குள்ள கையை விட்டு அளைய. பச்சைப்பயிறை உள்ள வச்சித் தைச்ச ஒரு போர்வை, மடியில போட மட்டும். முகத்துக்கு வரக் கூடாது, அவனே தள்ளிவிடற எடைதான் இருக்கணும். மீன் தொட்டிக்கு வைக்கற காத்து மோட்டார் ஒன்னு, நீளமான பிளாஸ்டிக் ஜாடி ஒன்னு. குமிழி வந்துச்சு. அதுக்கு சுவிட்சை அவன் கை எட்டற இடத்துல வச்சேன். போடறதும் அணைக்கறதும் அவன்தான். மொத்தம் 300 வெள்ளி சொச்சம்.

வாசனைக்கு என்ன வைக்கறதுன்னு தெரியல. மையத்துல லேவண்டர் வச்சிருந்தாங்க, இவன் முகத்தைத் திருப்பிக்குவான். ஒரு நாள் என் வீட்டுக்காரம்மா சாமி மேடையில இருந்து விபூதிப் பொட்டலத்தைக் கொண்டு வந்தா. அவன் மோந்தான். மறுபடியும் மோந்தான். அப்புறம் எழுந்து போயி எங்க அம்மா ரூம் கதவுகிட்ட நின்னான். எங்க அம்மா தோட்டத்துல பால்மரம் சீவினவங்க. தினமும் காலையில இவன் நெத்தியில விபூதி பூசி, ரெண்டு கையாலயும் தலையை அமுக்கிப் பிடிச்சி ஆசி கொடுப்பாங்க. அவங்க போயி அப்போ நாலு வருஷம் ஆயிருந்துச்சு. அவனுக்கு ஒன்னும் புரியாது, ஞாபகம் இருக்காதுன்னு நெனச்சி அம்மா சாவுக்குக் கூட அவனைக் கூட்டிட்டுப் போகாம பக்கத்து வீட்டுல விட்டிருந்தோம்.

அன்னிக்கு ராத்திரிதான் என் வீட்டுக்காரம்மா, "கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து இவனைக் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போலாமா?"ன்னு அவளாவே கேட்டா. கேட்டாளே தவிர, நிஜமா வர இன்னும் மூனு வருஷம் ஆச்சு.

இதைப் படிச்சிட்டு "பாத்தீங்களா, நம்ம முன்னோர்கள் அப்பவே கோவிலை ஐம்புலன் சிகிச்சை நிலையமா கட்டினாங்க"ன்னு யாராவது வாட்சாப்புல சுத்த விட்டுடாதீங்க. நானும் அப்படி நெனச்சவன்தான். தீபம் கண்ணுக்கு, மணி காதுக்கு, சாம்பிராணி மூக்குக்கு, தீர்த்தம் நாக்குக்கு, சந்தனம் தோலுக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த அறையில எல்லாம் ஒவ்வொன்னா, மெதுவா, பிள்ளை கையில சுவிட்சோட வரும். நம்ம கோவில்ல எல்லாம் ஒரே நேரத்துல, முழு வேகத்துல வரும், நிறுத்த முடியாது. சாமான் ஒன்னுதான், கொடுக்கற விதம்தான் வேற.

சத்தத்தைப் பத்தி எனக்குக் கொஞ்சம் தெரியும், அது என் வேலை. 2019ல வந்த விதிப்படி தொழிற்சாலையில எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை. அதுக்கு மேல போனா காதுக் கவசம் இல்லாம ஒரு ஆளைக் கூட நான் லைன்ல விடக் கூடாது, விட்டா எனக்குத்தான் கடிதம் வரும். போன தைப்பூசத்துல மண்டபத்துல மேளம் நடக்கறப்போ போன் ஆப்புல அளந்து பாத்தேன். 104. ஆப்பு அவ்வளவு துல்லியம் இல்லன்னே வச்சிக்குவோம், அஞ்சாறு குறைச்சிக்குங்க. வேலை செய்யற இடத்துல பங்களாதேஷ் தம்பிக்குக் காதுக் கவசம் மாட்டிவிட்டவன், சொந்த மகனை வெறுங்காதோட அதுக்கு நடுவுல நிக்க வச்சிருந்தேன்.

உறுமி மேளம் வேணாம்னு சொல்ல வரல. அந்தப் பசங்க எனக்குப் பிள்ளைங்க மாதிரி, அவங்க வாசிச்சா எனக்கும் உடம்பு சிலிர்க்கும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் கேட்டேன், அவ்வளவுதான்.

நிர்வாகக் கூட்டத்துல சுலபமா ஒத்துக்கல. "மணி அடிக்காம பூஜையா?"ன்னு ஒருத்தர். "நாளைக்கு இன்னொருத்தர் வேற ஒன்னு கேப்பார்"னு ஒருத்தர். ரெண்டும் நியாயமான கேள்வி. நம்ம குருக்கள் ஐயாதான், பூஜை நேரம் 7 மணிக்கு, அதுல எந்த மாத்தமும் இல்ல, 5 மணிக்கு நடை திறந்து ஒரு விளக்கு வைக்கறதுல எந்த ஆகமக் குத்தமும் வராதுன்னு சொன்னார். அந்த வரிசைக் கதையையும் அன்னிக்குத்தான் எல்லார் முன்னாடியும் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. தலைவர் மூனு மாசம் செஞ்சி பாப்போம்னார்.

முதல் புதன், எங்க குடும்பம் மட்டும். என் வீட்டுக்காரம்மா வாசல்ல நின்னுட்டா. மகன்தான் அவ கையைப் பிடிச்சி உள்ள இழுத்தான். ரெண்டாவது புதனும் நாங்க மட்டும். மூனாவது வாரம் லாயாங் லாயாங்ல இருந்து ஒரு பாட்டி பதினோரு வயசுப் பேத்தியோட வந்தாங்க. காது குத்தின நாளுக்குப் பிறகு அந்தப் பிள்ளை கோவிலுக்குள்ள வந்ததே இல்லையாம். அது உள்ள வரல, தூண்கிட்ட உக்காந்து குளிர்ந்த தரையில உள்ளங்கையை வச்சி வச்சி எடுத்துச்சு, முழு ஒரு மணி நேரம். பாட்டி எழுப்பப் பாத்தாங்க. விடுங்கம்மா, அதுக்கு அதுதான் சாமின்னு குருக்கள் ஐயா சொல்லிட்டு, விபூதியை அங்கயே கொண்டு வந்து கொடுத்தார். இப்போ ஆறு குடும்பம் வருது. சிம்பாங் ரெங்கத்துல இருந்து ஒரு குடும்பம் வருது. பிள்ளைங்க அது பாட்டுக்கு இருக்குது. அம்மாங்க ஒரு பக்கம் பேசிக்கிட்டு இருக்காங்க. அந்தப் பேச்சுக்காகவே வர்றேன்னு ஒரு அம்மா சொன்னாங்க.

என் மகனுக்கு இப்போ பதினாலு. பேச்சு அஞ்சாறு வார்த்தைதான். கடிக்கறது குறைஞ்சிருக்கு, நின்னுடல. போன மாசம் கூட பசார் மாலாம்ல விழுந்து கத்தினான். நான் பக்கத்துல தரையில உக்காந்துட்டேன். என் மகன்னு சொன்னேன், கேட்டவங்களுக்கும் கேக்காதவங்களுக்கும்.

இனி தொண்டூழியர்களுக்குச் சில வார்த்தை. அலுவலகத்துல ஆறு காதுக் கவசம் வச்சிருக்கேன், திருவிழா நாள்ல யார் கேட்டாலும் கொடுங்க, திரும்ப வாங்க மறந்தாலும் பரவால்ல. ஏதாவது பிள்ளை தரையில விழுந்து கத்தினா சுத்தி நிக்காதீங்க, தீர்த்தம் தெளிக்காதீங்க, போன் எடுக்காதீங்க. அம்மா அப்பாகிட்ட "என்ன செய்யணும்?"னு மட்டும் கேளுங்க. வெளியே போகச் சொல்லாதீங்க. அவங்களுக்குப் போகணும்னா வழி விடுங்க, கூட ஒரு ஆளு நடந்து போங்க. மண்டபத்துக்குப் பின்னால இருக்கற சின்ன ரூமை அன்னிக்குப் பூட்டாம வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். ஸ்டோர் சாமானெல்லாம் எங்க வைக்கறதுன்னு இன்னும் முடிவாகல. யார் வீட்டுலயாவது பழைய மெத்தை நல்ல நிலையில இருந்தா சொல்லுங்க, நானே லோரியில வந்து எடுத்துக்கறேன்.

வர்ற புதன் கிருத்திகை, சாயங்காலம் அபிஷேகம் இருக்கு. அதனால இந்த வாரம் மட்டும் செவ்வாய் 5 மணி. லாயாங் லாயாங் பாட்டி வாட்சாப் பாக்க மாட்டாங்க, அந்தப் பக்கம் போறவங்க யாராவது தகவல் சொல்லிடுங்க.